‘யங் அடல்ட்’ என்று போட்டிருந்தால் நம்பி வாங்கிக் கொடுக்கலாமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கிறார். அக்கா மகளுக்கு 15 வயது, கிருஷ்ணகிரியில் பத்தாவது படிக்கிறாள். பிறந்தநாளுக்கு ஐந்து ஆங்கில நாவல்களை எழுதிக் கொடுத்திருக்கிறாள். தேடிப் பார்த்தால் எல்லாமே ‘யங் அடல்ட்’, ‘ஃபேன்டஸி’, ‘ரொமான்ஸ்’ என்று வருகிறது. அக்காவோ “லவ் புக்கா? வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது” என்கிறார். வாங்கித் தரலாமா, படிப்பு கெடுமா என்பது கேள்வி. எழுதியிருப்பது அப்படி, உள்ளே இருக்கும் சந்தேகம் வேறு. அந்தப் பெயர்ச்சீட்டு இருந்தால் 15 வயதுக்குப் பொருத்தமான சரக்குதான் உள்ளே இருக்கும் என்று நம்பலாமா? நம்ப முடியாது. ஐந்தில் மூன்றை இப்போது தள்ளி வைப்பேன், இரண்டை வாங்குவேன். பதின்ம வயதினருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி என்பதால் நூல்களைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். அந்தப் பெண்ணின் மனநிலையைப் பற்றி அவளோடு இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தச் சீட்டு. சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது. 2024 நவம்பரிலிருந்து யு/ஏ சான்றிதழையே 7+, 13+, 16+ என்று பிரித்துத் தருகிறார்கள். புத்தகத்துக்கு அப்படி யாரும் உட்கார்ந்து பார்த்து முத்திரை குத்துவதில்லை. எந்த அலமாரியில் வைத்தால் போகும் என்று பதிப்பகம் கணக்குப் போட்டு வைக்கிற பெயர் அது. பொது வழக்கில் 8 முதல் 12 வயது ‘மிடில் கிரேடு’, 12 முதல் 18 ‘யங் அடல்ட்’, அதற்கு மேல் கல்லூரி வயதுக்கு ‘நியூ அடல்ட்’. ஏழாவது படிக்கிற பிள்ளையும் கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளையும் நடுச்சீட்டின் கீழ் ஒன்றாக வந்துவிடுகிறார்கள் என்பது ஒரு கோளாறு. மூன்றாவது சீட்டுக்குப் பெரும்பாலான கடைகளில் தனி அலமாரியே கிடையாது என்பது அதைவிடப் பெரிய கோளாறு. டிராகனும் கிரீடமும் அட்டையில் இருந்தால் போதும், கல்லூரி வயதுச் சரக்கும் நடு அலமாரிக்கு வந்து சேர்ந்துவிடும். ஆன்லைன் கடைகளில் யார் வேண்டுமானாலும் சேர்க்கிற குறிச்சொற்கள் வேறு.

உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ‘ஃபோர்த் விங்’, ரெபெக்கா யாரோஸ், 2023. இது பெரியவர்களுக்கு எழுதியது. நாயகிக்கே 20 வயது. டிராகன் ஓட்டப் பயிற்சி தரும் போர்க் கல்லூரி என்பதால் பள்ளிக்கூடக் கதை மாதிரித் தோற்றம் கொடுக்கும். உடலுறவை வெளிப்படையாக வர்ணிக்கும் காட்சிகள் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் வருகின்றன, ஆகவே கடையில் நின்று முதல் நூறு பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு ஒன்றும் தட்டுப்படாது. ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’, சாரா ஜே. மாஸ், 2015. இது வந்தபோது யங் அடல்ட் என்றே விற்கப்பட்டது. தொடர் போகப் போக வர்ணனை கூடியது. 2020-ல் அதே நூலுக்கு அட்டையை மாற்றிப் பெரியவர்கள் வரிசையில் கொண்டுவந்தார்கள். உள்ளே எழுத்து அதேதான், வெளியே சீட்டுதான் மாறியது. சீட்டை நம்ப வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’, காலீன் ஹூவர், 2016. பூப்போட்ட அட்டை, உள்ளே குடும்ப வன்முறை. மோசமான நூல் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஃபேன்டஸியும் இல்லை, யங் அடல்ட்டும் இல்லை. இந்த மூன்றும் காத்திருக்கட்டும். மீதி இரண்டு: லீ பார்டுகோவின் ‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’ (2015), ஹாலி பிளாக்கின் ‘தி க்ரூயல் பிரின்ஸ்’ (2018). இவை யங் அடல்ட் என்ற பெயருக்கே எழுதப்பட்டவை. கொலை, ரத்தம், சூழ்ச்சி நிறைய உண்டு. காதல் முத்தத்தைத் தாண்டுகிற இடங்களில் எழுத்து கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுகிறது.

இதுவரை சொன்னவை சரிபார்க்கக்கூடிய விவரங்கள். இனி வருவது என் கருத்து. இதே நூல்களை நேசிக்கும் வாசகர்கள் மறுக்கலாம். படுக்கையறைக் காட்சி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது அரைகுறைச் சோதனை. நான் முதலில் பார்ப்பது, நாயகி “வேண்டாம்” என்றால் கதை அதை என்ன செய்கிறது என்பதைத்தான். 2005-ல் வந்து இந்த வகைக்கே சந்தையைப் பெருக்கிய ‘ட்வைலைட்’டில் வெளிப்படையான காட்சி எதுவும் கிடையாது. ஆனால் நாயகன், அந்தப் பெண் தூங்கும்போது, அவளுக்குத் தெரியாமல், இரவுக்கிரவு அவள் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருப்பான். விஷயம் தெரிந்தபோது அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும். அவன் வயதே ஏறாத ரத்தக்காட்டேரி, 1901-ல் பிறந்தவன் என்பது தனிச் சங்கடம். ஒரு ‘கெட்ட’ பக்கமும் இல்லாத நூல், கெட்ட பழக்கத்தைக் காதல் என்று பெயர் வைத்துக் கையில் கொடுக்கிறது.

வெள்ளைக்காரன் கண்டுபிடித்த கோளாறு இது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அல்லி அரசாணி கதை நம் ஊர்ப் பக்கம் தெரியாததா? ஆண்களையே அண்டவிடாமல் மதுரையை ஆண்ட அல்லி, அர்ச்சுனனை வேண்டாம் என்கிறாள். கிருஷ்ணன் பாம்பாட்டியாக வருகிறார், அர்ச்சுனன் பாம்பாகி அவள் அறைக்குள் போகிறான், அவள் தூங்கும்போது தாலி ஏறிவிடுகிறது. பாரதக் கூத்து என்றால் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற நம் ஊர்ப் பெண்களுக்கு இது மனப்பாடம். அதைப் பார்த்து யாரும் கெட்டுப்போகவில்லை என்று உங்கள் அக்கா சொன்னால் ஒப்புக்கொள்வேன். கூத்தில் கட்டியங்காரன் நடுவில் வந்து கிண்டல் செய்து பேசிவிட்டுப் போவான். பக்கத்தில் உட்கார்ந்த பாட்டியும் நாலு வார்த்தை ஏசுவாள். நாவலைப் படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை.

‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’ இந்த இடத்தில்தான் தேறுகிறது. ஆறு பேர் சேர்ந்து நுழையவே முடியாத ஒரு சிறைக்கோட்டைக்குள் நுழையும் கொள்ளைக் கதை. தலைவன் காஸ் எப்போதும் கையுறை போட்டிருப்பான். பழைய அதிர்ச்சி ஒன்றினால் அடுத்தவர் தோல் பட்டாலே அவனால் தாங்க முடியாது. அந்த ஆறு பேரில் ஒருத்தியான இனெஜ் விலைக்கு விற்கப்பட்டு, அதிலிருந்து மீண்டவள். அவளுக்கும் தொடுகை சுலபமில்லை. இருவருக்கும் நடுவிலான காதல் முழுக்க அந்தக் கையுறையைச் சுற்றியே நடக்கிறது. அவன் தன் விருப்பத்தைத் திக்கித் திணறிச் சொல்லும்போது, கவசத்தைக் கழற்றிவிட்டு வருவதானால் வா, இல்லையென்றால் வேண்டாம் என்கிற மாதிரி அவள் நிபந்தனை போட்டுவிடுகிறாள். கதை அவளை அதற்காகத் தண்டிக்கவில்லை, அவனும் மிரட்டவில்லை. 15 வயதில் ஒரு பெண் படிக்க வேண்டிய காதல் காட்சி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைக் காட்டுவேன். இனெஜின் கடந்தகாலம் கனமானது, விவரமாக வர்ணிக்கப்படாவிட்டாலும் அது என்னவென்று புரியும். வாங்கிக் கொடுக்கும் நீங்களோ அக்காவோ அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ‘தி க்ரூயல் பிரின்ஸ்’ விஷயத்தில் எனக்கு அரை மனசுதான். ‘ஃபேரி’ என்ற மாய இனத்தவரின் உலகத்தில் வளர்க்கப்படும் மனிதப் பெண் ஜூட்; அவர்களால் பொய் சொல்ல முடியாது, அவளால் முடியும், அதுவே அவள் ஆயுதம். அபாரமான கட்டுமானம். ஆனால் அவளைத் துன்புறுத்துகிற இளவரசனே பிறகு காதலனாகிறான். அவளும் சளைக்காமல் திருப்பிக் கொடுக்கிறாள் என்பதால் தப்பிக்கிறது. “நம்மைச் சீண்டுகிறவன் உள்ளுக்குள் ஆசை வைத்திருக்கிறான்” என்ற பொய் இதிலிருந்து சிலருக்கு ஒட்டிக்கொள்ளும். தடுக்கமாட்டேன், படித்தபின் பேசுவேன்.

பட்டியலில் இல்லாத நூல் நாளைக்கு வரும், அதற்கு ஒரு சோதனை முறை. இருபது நிமிடம் போதும், ஆங்கிலம் சுமாராகத் தெரிந்தாலே செய்யலாம். அட்டைக்கு அடுத்த பக்கங்களைப் படியுங்கள். சில நூல்களில் உள்ளடக்க எச்சரிக்கை அங்கேயே இருக்கும். ‘ஃபோர்த் விங்’கில் போர், மரணம், கெட்ட வார்த்தை, உடலுறவுக் காட்சி எல்லாம் உண்டு என்று ஆசிரியரே முன்பக்கத்தில் சொல்லிவிடுகிறார். அடுத்து மொத்தப் பக்கத்தில் நூற்றுக்கு 60 முதல் 85 வரையுள்ள பகுதிக்குப் போங்கள். 500 பக்க நூல் என்றால் 300 முதல் 425 வரை. காதல் முதிர்கிற இடம் பெரும்பாலும் அங்கேதான். அத்தியாயங்கள் எப்படி முடிகின்றன என்று கவனியுங்கள். கதவு சாத்தியதும் அத்தியாயம் முடிந்து மறுநாள் காலை வந்துவிட்டால் யங் அடல்ட் வரம்பு. ஒரே அறைக்குள் பேச்சே இல்லாமல் நாலைந்து பக்கம் பத்தி பத்தியாக ஓடினால் அது பெரியவர்கள் நூல். பிறகு மூன்று இடங்களைத் தேடுங்கள்: இருவரும் முதலில் சந்திக்கும் காட்சி, அவள் முதல்முறை மறுக்கும் காட்சி, அவன் முதல்முறை மன்னிப்புக் கேட்கும் காட்சி. மறுப்புக்குப் பிறகு அவன் விலகுகிறானா, வழி மறிக்கிறானா? மன்னிப்புக் கேட்கவே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். கடைசியாக வயதையும் பாருங்கள். 19 வயதுப் பெண்ணுக்கு 500 வயதைத் தாண்டிய நாயகன் என்பது இந்த வகையில் சர்வசாதாரணம். அழகு இருபதில் நின்றுவிட்டதாம், அறிவு மட்டும் வளர்ந்துகொண்டே போனதாம்.

படிப்பு கெடுமா என்பதற்கு நேரக் கணக்குதான் நேர்மையான பதில். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளை மணிக்கு 25, 30 பக்கம் போகும். 500 பக்கம் என்றால் 17 முதல் 20 மணி நேரம். அரையாண்டு விடுமுறையில் ஒன்று தாராளமாக முடியும். சிக்கல் தொடர்களில்தான். ஒவ்வொரு பாகமும் ஆளைத் தொங்கவிட்டுத்தான் முடியும். மாஸின் ‘த்ரோன் ஆஃப் கிளாஸ்’ ஏழு நாவல்கள், கடைசி நாவல் மட்டுமே ஆயிரம் பக்கத்தைத் தொடுகிறது. ஜனவரியில் இதைக் கையில் கொடுத்துவிட்டு மார்ச்சில் பொதுத்தேர்வை நினைத்துப் புலம்பக் கூடாது. தேர்வு முடியும்வரை ஒரே நூலில் முடிகிற கதைகளாகக் கொடுங்கள். டயானா வின் ஜோன்ஸின் ‘ஹௌல்ஸ் மூவிங் காஸ்ல்’ (1986) அப்படித் தனியாகப் படிக்கலாம்: சூனியக்காரியால் கிழவியாக்கப்பட்ட இளம்பெண், கிழவியானதும் பயம் விட்டுப்போய் வாய் பேச ஆரம்பிக்கிறாள். காதலும் உண்டு, சிரிப்பும் உண்டு. உங்கள் மருமகளின் ஆங்கிலத்துக்கு நூல் பொருந்துமா என்று பார்க்க, நடுப்பக்கம் ஒன்றைப் படிக்கச் சொல்லித் தெரியாத சொற்களை விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் கொஞ்சம் பொறுக்கலாம். கதைக்காகவே புனைந்த ஊர்ப் பெயர், மந்திரப் பெயர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை ஆசிரியருக்குத் தவிர எவருக்கும் தெரியாது. ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) மாதிரி ‘நான்’ என்று நிகழ்காலத்தில் சொல்லும் நூல்கள் வாக்கியம் சின்னதாக இருப்பதால் முதலில் படிக்க எளிது. அதில் காதலே ஒரு வியூகம்: கேமரா பார்க்கிறது என்பதால் உயிர் பிழைக்கக் காதலிப்பதுபோல் நடிக்கிறார்கள். எது நடிப்பு, எது நிஜம் என்று நாயகிக்கே குழம்புவது ரீல்ஸ் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

இந்த வகை எழுத்தின் தரத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் பாகம் விறுவிறுப்பு, இரண்டாம் பாகம் இழுவை, கடைசிப் பாகம் வீக்கம் என்பது பாதிக்கு மேற்பட்ட தொடர்களின் ஜாதகம். நாட்டிலேயே பயங்கரமான கொலையாளி என்று அறிமுகமாகிறவள் பாதி நூல்வரை எந்த கவுன் போடுவது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். நாயகனின் தாடை பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை இறுகும். நாயகி, தான் அடக்கி வைத்திருப்பதே தெரியாமல் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவாள். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை நூலில் படித்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மந்திரத்துக்கு விலை இல்லாத கதைகளும் நிற்பதில்லை. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் மதகு திறக்கவே இத்தனை அடி, இத்தனை கனஅடி என்று விதி இருக்கிறது. நாயகி கோபப்பட்டாலே கடல் பொங்கும் என்றால் பிறகு எதைக் கண்டு நாம் பயப்படுவது? இதில் நல்ல பாடம் உர்சுலா லெ குவின். ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968) என்ற மெல்லிய நூலில் ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதன்மேல் மந்திரம் செல்லும். கர்வத்தில் செய்த ஒரு தவறு நூல் முழுக்கத் துரத்தும். காதல் இல்லையே என்று உங்கள் மருமகள் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. கடையில் 500 ரூபாய்க்கு மேல் விற்கிற நூல் நடைபாதையில் 150 ரூபாய்க்குக் கிடைத்தால் அது திருட்டுப் பதிப்பு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நடைமுறைத் தொல்லையே போதும். நூல்கள் 16 அல்லது 32 பக்கக் கட்டுகளாக மடித்துச் சேர்க்கப்படுபவை. ஒரு கட்டு விட்டுப்போனால் 240-க்குப் பிறகு 273 வரும், அல்லது அதே 32 பக்கம் இரண்டுமுறை வரும். பசை சரியில்லாததால் முதல்முறை விரித்ததுமே முதுகு வெடிக்கும். மறுபக்கத்து எழுத்து தெரியும் தாள், கறைபோல் மங்கிய வரைபடம், கோணலாக வெட்டிய ஓரம் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஓசூர் வழியாகப் போய்வருகிறவராக இருந்தால் பெங்களூரு சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் அசல் பிரதியே குறைந்த விலையில் கிடைக்கும். தொடர் நூலென்றால் எத்தனையாவது பாகம் என்று முதுகில் பார்த்து எடுங்கள். நம் ஊர்க் கிளை நூலகங்களில் இந்த நூல்களை எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் உறுப்பினராகிக் கேட்டுவைக்கலாம். வாசகர் கேட்காமல் எந்த அலமாரியும் மாறாது.

அக்காவிடம் ஒன்றைக் கேளுங்கள்: மகள் போனில் என்ன படிக்கிறாள்? தடுத்த நூல் பிடிஎஃப் ஆகப் போனுக்கு வந்துவிடும், அது ஒன்று. இன்னொன்று, தமிழிலேயே செயலிகளில் இலவசமாகக் கிடைக்கிற தொடர்கதைகளில் ‘ஆன்ட்டி ஹீரோ’ என்று ஒரு வகை ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டாயத் தாலி, கடத்தல், கன்னத்தில் அறை, பிறகு அவனே உத்தமன். நல்ல எழுத்தாளர்களும் அதே செயலிகளில் இருக்கிறார்கள் என்பது நிஜம். ஆனால் மேலே சொன்ன “வேண்டாம்” சோதனையில் டிராகன் நாவல்களைவிட இவைதான் அதிகம் தோற்கின்றன. தமிழில் இருக்கிறது, குடும்பக் கதை என்று போட்டிருக்கிறது என்பதால் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

அக்காவின் பயத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. 2012-ல் ஒரு காதல் திருமணத்துக்குப் பிறகு நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் வீடுகள் எரிந்ததைப் பார்த்த மாவட்டம் தருமபுரி. ‘லவ்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தாய்க்கு வயிறு கலங்குவது நாவலைப் பார்த்தல்ல, ஊரைப் பார்த்து. அதனால் “இதெல்லாம் சும்மா கதை அக்கா” என்று மழுப்பாமல், ‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’ கையுறை விஷயத்தை அப்படியே தமிழில் சொல்லிக் காட்டுங்கள். கூத்துக் கதை கேட்டுப் பழகியவர்களுக்கு அது புரியாமல் போகாது. தள்ளி வைத்த மூன்றைப் பற்றி மருமகளிடம் பொய் சொல்ல வேண்டாம். இவை பெரியவர்களுக்கு எழுதியவை, கல்லூரிக்குப் போனதும் நீயே எடுத்துக்கொள் என்று காரணத்தோடு சொல்லுங்கள். எந்தக் காரணமும் சொல்லாமல் மறுத்தால்தான் அட்டையைக் கிழித்துவிட்டுப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படிப்பார்கள்.

பிறந்தநாளுக்கு ‘ஹௌல்ஸ் மூவிங் காஸ்’லைக் கொடுங்கள். தேர்வு முடிந்த அன்று ‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’. அதற்கு முன் அதே உலகத்தில் நடக்கும் வேறொரு மூன்று பாகத் தொடர் இருக்கிறது, அதைப் படிக்காமலே இது புரியும், கடைக்காரர் சேர்த்து விற்கப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் இதன் இரண்டாம் பாகமான ‘க்ரூக்கட் கிங்டம்’ நூலைக் கூடவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாகத்தின் கடைசியில் இனெஜைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், கதை அங்கேயே நின்றுவிடும். அடுத்த நூல் வீட்டில் இல்லையென்றால் ராத்திரி பதினொரு மணிக்கு உங்களுக்குத்தான் போன் வரும்.